வாளுக்கு எத்தனை ஃபிரேம்?

மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு ஆக்‌ஷன் கேம் என்று வைத்துக்கொள்வோம். நாயகிக்கு 5 ஆயுதம். நிற்பது, நடப்பது, ஓடுவது, உருண்டு தப்பிப்பது, இரண்டு வகை வெட்டு, அடிபடுவது, விழுவது என்று 8 அசைவு. திசை 8. ஒரு அசைவுக்கு 8 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடி அசைவாகத் தெரியும் 8 படம். டீ குடித்துக்கொண்டே பேசும்போது இது சின்ன கேமாகத்தான் தெரியும். பெருக்கிப் பார்த்தால் 2,560 ஃபிரேம். புள்ளி புள்ளியாக வரையும் பிக்சல் ஆர்ட்டில் கை பழகியவர் ஒரு ஃபிரேமுக்கு 15 நிமிடம் எடுத்தால் 640 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் உட்கார்ந்தாலும் 16 வாரம். டீமில் இருக்கும் ஒரே ஆர்ட்டிஸ்ட் நான்கு மாதம் நாயகியை மட்டும் வரைந்துகொண்டிருப்பார். அதற்குள் ஒரு எதிரி வந்திருக்காது, ஒரு மரம் வந்திருக்காது, மெனுவில் ஒரு பட்டன் வந்திருக்காது.

இந்த நிலையில்தான் யாராவது ஒருவர் “இன்னும் ஒரு ஈட்டி சேர்த்தால் நன்றாக இருக்குமே” என்பார். அந்த ஒரு ஈட்டி 512 ஃபிரேம், 128 மணி நேரம். மூன்று வாரத்துக்கு மேல்.

மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து செய்யும் கேம்கள் வருடக்கணக்கில் இழுப்பதற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இதுதான். பேசும்போது எல்லாம் கூட்டல். செய்யும்போது எல்லாம் பெருக்கல். அதனால் வெட்டும்போதும் உருப்படிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பயனில்லை. பெருக்கலில் இருக்கும் ஒரு எண்ணைக் குறைக்க வேண்டும்.

அதே நாயகியை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் பார்ப்பதை வலப்பக்கப் படத்தைக் கண்ணாடி போல் திருப்பிப் பெறலாம். அப்போது 8 திசைக்கு 5 வரைந்தால் போதும். திசையையே 4 ஆக்கினால் 3 போதும்: முன், பின், பக்கவாட்டு. கணக்கு 960 ஃபிரேமுக்கு இறங்கிவிடும், அதாவது 240 மணி நேரம். அடுத்து, ஆயுதத்தை உடம்போடு சேர்த்து வரையாமல் தனி லேயராக வைக்கலாம். உடம்புக்கு 8 அசைவு, 3 திசை, 8 ஃபிரேம், மொத்தம் 192. ஆயுதம் வெட்டும்போது மட்டும் கையில் தெரியட்டும், மற்ற நேரம் உறையில் இருக்கட்டும். ஒரு ஆயுதத்துக்கு 48 சின்னப் படம், 5 ஆயுதத்துக்கு 240. இவை ஒவ்வொன்றும் 5 நிமிட வேலை. உடம்புக்கு 48 மணி, ஆயுதங்களுக்கு 20 மணி. 640 மணி நேரம் இருந்த இடத்தில் 68.

இதற்கு ஒரு விலை உண்டு. கோடாரியும் கத்தியும் ஒரே மாதிரி சுழலும். இடப்பக்கம் திரும்பினால் வலக்கைக்காரி இடக்கைக்காரி ஆகிவிடுவாள். ஒரு கன்னத்தில் மட்டும் தழும்பு வைத்திருந்தால் அது கன்னம் மாறும். ஒவ்வொரு உடம்பு ஃபிரேமிலும் கை எந்தப் பிக்சலில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒரு புள்ளி குறித்து வைக்காவிட்டால் ஆயுதம் கையை விட்டு மிதக்கும். இதையெல்லாம் முதல் வாரமே பேசித் தீர்த்துவிட வேண்டும். 900 ஃபிரேம் வரைந்த பிறகு இந்த முடிவுக்கு வந்தால் வரைந்தது பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி செய்த ஹாலோ நைட்டைப் பெரிய கேமுக்கு உதாரணமாகப் பலரும் காட்டுவார்கள். எனக்கு அது சிக்கனத்துக்கு உதாரணம். பக்கவாட்டுக் கோணம், ஆகவே ஒரு திசை வரைந்து திருப்பினால் போதும். நாயகனுக்கு வாய் கிடையாது, முகமூடி மட்டும். முகபாவனை வரைய வேண்டியதில்லை. ஆயுதம் கடைசி வரை ஒரே ஆணி. அதைத் தீட்டிக்கொண்டே போனாலும் சேதத்தின் அளவுதான் ஏறுகிறது, சண்டையில் அசைவு மாறுவதில்லை. நாயகன் அணிந்து பலம் பெறும் சார்ம்களில் பல எண்களை மட்டும் மாற்றுபவை, புது அனிமேஷன் கேட்காதவை. எதிரிகளின் நடத்தையைப் பிளேமேக்கர் என்ற விஷுவல் ஸ்கிரிப்டிங் கருவியில் அமைத்தார்கள். அப்படிச் செய்தால் வடிவமைப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராமருக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. நாயகனிடம் மிச்சம் பிடித்த உழைப்பு இடங்களிலும் எதிரிகளிலும் செலவானது. 2014-இல் பொதுமக்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,138 டாலர் திரட்டி, 2017 பிப்ரவரி 24 அன்று கேமை வெளியிட்டார்கள்.

அதே கிக்ஸ்டார்ட்டரில், கேட்டதைவிட அதிகம் சேர்ந்தால் என்று ஒரு வாக்குறுதி இருந்தது: ஹார்னெட் என்ற இரண்டாவது பாத்திரமாகவும் விளையாடலாம். கேட்க ஒரு பாத்திரம்தான். ஆனால் அவள் தாவும் உயரம் வேறு, வேகம் வேறு. முதல் நாயகனின் தாவலுக்கு அளந்து கட்டிய அறைகளில் அவளை விட்டால் அறைகளுக்கு அர்த்தம் போய்விடும். ஆக அவளுக்கென்று அறைகள், அந்த அறைகளுக்கென்று எதிரிகள், அவர்களுக்கென்று ஒரு நிலம். 2019 பிப்ரவரியில் அது சில்க்‌ஸாங் என்ற தனி கேமாக அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. அவர்கள் தாங்கினார்கள், காரணம் முதல் கேமின் விற்பனை பின்னால் நின்றது. முதல் கேமையே இன்னும் விற்காத டீம் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படம் வரைவதில் பெருக்கல் கண்ணுக்குத் தெரியும், அந்த அளவுக்கு நல்லது. விளையாடும் இடங்களை அமைக்கும் லெவல் டிசைனில் அது ஒளிந்திருக்கும். 40 அறை கட்டி முடித்த பிறகு சுவரில் உதைத்து மேலே தாவும் திறனைச் சேர்க்கிறீர்கள். புரோகிராம் எழுத ஒரு பகல். அதன் பிறகு 40 அறையையும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். எந்தச் சுவரில் ஏறி எந்தச் சாவியைத் தாண்டிவிடலாம், எங்கே ஏறிப் போய்த் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்ளலாம், எங்கே கேமரா எல்லைக்கு மேலே தலை போய்விடும் என்று ஒவ்வொன்றாக. திறன்கள் 6 என்றால், ஒவ்வொன்றும் இருக்கும் அல்லது இருக்காது, ஆக ஒரு அறைக்குள் 64 விதமான ஆள் நுழையலாம். பெறும் வரிசையைக் கட்டாயப்படுத்தினால் இது 7 ஆகச் சுருங்கும். கட்டாயம் வேண்டாம், சுதந்திரம் வேண்டும் என்று விரும்பினால், அந்தச் சுதந்திரத்தை யார் சோதிக்கப் போகிறார்கள் என்று ஒரு பெயரைச் சொல்ல முடிய வேண்டும்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். கேமில் வரப்போகும் ஒவ்வொன்றும் ஒரு வரி: ஒவ்வொரு அறை, எதிரி, வசனக் காட்சி, மெனுத் திரை. அதற்கு எதிரே நிலை: படத்துக்குப் பதில் வெறும் பெட்டிகளை வைத்து விளையாட முடிகிறது, படம் வந்தது, ஒலி வந்தது, வேறொருவர் விளையாடிச் சரி என்றார். கடைசி நிலையைத் தொடாத எதையும் முடிந்தது என்று எண்ணக் கூடாது. “கிட்டத்தட்ட முடிஞ்சது” என்ற சொல்லுக்கு ஷீட்டில் இடமே கொடுக்காதீர்கள். வாரம் எத்தனை வரி மூடுகிறது, எத்தனை புதிதாக முளைக்கிறது என்று நான்கு வாரம் குறித்து வாருங்கள். மீதி 312 வரி, வாரம் 11 மூடுகிறது என்றால் 28 வாரத்தில் முடியும் என்று தோன்றும். ஆனால் அதே வாரத்தில் 6 புதிதாக முளைத்தால் நிகரமாகக் குறைவது 5 மட்டும். 62 வாரம். ஏழு மாதம் என்று நினைத்த வேலை பதினாலு மாதம் ஆவது இப்படித்தான். இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. இரவு கண் விழித்து 11-ஐ 13 ஆக்குவதைவிட 6-ஐ 1 ஆக்குவது லேசு. பலனும் பெரிது: 10 வரி குறைந்தால் 31 வாரம்.

இனி வெட்டுவது. ஒரு பகுதியை முழுதாகத் தூக்கும் முன் பூட்டு-சாவி வரைபடம் ஒன்று வேண்டும். எந்தத் திறன் எந்தப் பகுதியில் கிடைக்கிறது, அது எந்தப் பகுதியைத் திறக்கிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டால் போதும். அம்பு உள்ளே மட்டும் வரும், வெளியே எதுவும் போகாத பகுதிகள் இருக்கும். அவற்றை வலியில்லாமல் எடுக்கலாம். டபுள் ஜம்ப், அதாவது காற்றிலேயே இன்னொரு முறை தாவும் திறனைத் தரும் நான்காவது பகுதியை எடுத்தால் அந்தத் திறனை மூன்றாவது பகுதிக்குக் கொண்டுவர வேண்டும், மூன்றாவதின் பின்பாதி அறைகள் அதனால் சுலபமாகிவிடும், அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு வாரம். எடுத்ததை ரெப்போவிலிருந்து, அதாவது டீமின் ஃபைல்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் களஞ்சியத்திலிருந்து, அழிக்கவும் கூடாது. வேறு எங்கோ ஒரு வசனம் அந்தப் பகுதியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், கேம் அங்கே போய் நின்றுவிடும். ஒரு சுவிட்ச் வைத்து அணைத்துவிட்டு, வாசலில் பாறை ஒன்றைப் போட்டு மூடுவதே பத்திரம்.

மல்ட்டிபிளேயர்தான் எல்லாவற்றிலும் பெரிய பெருக்கி. ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு பெட்டியும், ஒவ்வொரு வசனமும் “இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால்?” என்ற கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் தனியாளாக நான்கரை வருடம் செய்தார். சேர்ந்து விளையாடும் வசதியும் திட்டத்தில் இருந்தது. அது இல்லாமலேயே 2016 பிப்ரவரியில் கேமை வெளியிட்டார். அது 2018-இல் தான், பதிப்பாளரின் உதவியோடு, அப்டேட்டாக வந்து சேர்ந்தது. அந்த முடிவை நான் அவருடைய பிக்சல் ஆர்ட்டுக்கு நிகராக மதிக்கிறேன்.

எதிர்த்திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். கப்ஹெட் முதலில் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடான சண்டைகள் மட்டும் கொண்ட சின்ன கேமாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகு ஓடிச் சுடும் லெவல்களும் சேர்ந்தன, டீம் பெருத்தது. கனடாவைச் சேர்ந்த மோல்டன்ஹவர் சகோதரர்கள் வேலையை விட்டு, வீட்டை அடமானம் வைத்து, 2017 செப்டம்பரில் முடித்தார்கள். கேம் ஜெயித்ததால் அந்த அடமானம் நமக்குத் தெரிந்த கதையாக இருக்கிறது. வீட்டை வைத்து முடிக்க முடியாமல் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. கையில் இருக்கும் பணத்தை மாதச் செலவால் வகுத்து, வரும் மாதங்களில் கடைசி மூன்றைக் கழித்துவிட்டு, மீதிக்குள் ஷீட் முடிகிறதா என்று பாருங்கள். அந்த மூன்று மாதம் வெளியீட்டுக்குப் பிறகு வரும் பிழைகளுக்கு. விற்ற பணமும் அன்றே கைக்கு வராது, கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் ஒரு மாத விற்பனையை அடுத்த மாதக் கடைசியில்தான் அனுப்பும்.

நீளும் கேமுக்கு இன்னொரு ஆபத்து, காலடியில் இருக்கும் நிலம் நகர்வது. நார்வேயின் டி-பேட் ஸ்டுடியோ 2007-இல் தொடங்கிய அவுல்பாய் 2016 நவம்பரில் வந்தது. அது நின்றது கேம் செய்ய உதவும் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்என்ஏ என்ற கருவித்தொகுப்பின் மீது. கேம் முடிவதற்குள் அந்த எக்ஸ்என்ஏவையே மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. 2023 செப்டம்பரில், கேம்களுக்கு அடித்தளமான என்ஜின் மென்பொருள்களில் ஒன்றான யூனிட்டி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது பாதி முடிந்த கேம்களை வைத்திருந்தவர்கள் என்ஜின் மாறுவதா என்று பதறினார்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கட்டணம் ரத்தானது. என்ஜின் பதிப்பை ஒரு இடத்தில் நிறுத்திவிடுங்கள், நீண்ட காலம் ஆதரவு உள்ள பதிப்பாகப் பார்த்து. கடைசி ஆறு மாதத்தில் பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு எதற்காகவும் ஏற்றாதீர்கள். அந்த விதிவிலக்கும் நிஜமாகவே வரும்: 2025 அக்டோபரில் யூனிட்டியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, 2017.1-இலிருந்து வந்த பதிப்புகளில் செய்த கேம்களைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய புராஜெக்ட் இன்றைக்கும் பில்ட் ஆகிறதா, அதாவது ஓடும் கேமாகத் தொகுக்க முடிகிறதா என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவந்திருக்கும்.

ஆட்டத்தை எங்கே விட்டோம் என்று பதிந்து வைக்கும் சேவ் ஃபைலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைசி மாதத்தில் அதிகம் அழ வைப்பது அதுதான். பொருள்களின் பட்டியலில் வெண்கல மணி 6, கோயில் சாவி 7, கயிறு 8 என்று இருக்கிறது. சேவ் ஃபைலில் பெயர் எழுதப்படுவதில்லை, எண் மட்டும். டெமோ வெளியான பிறகு ஒருவர் பட்டியலின் நடுவே, மூன்றாவது இடத்தில், அரிக்கேன் விளக்கைச் செருகுகிறார். எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. இப்போது 7 என்றால் மணி, சாவி 8. டெமோவில் சாவியை எடுத்து சேவ் செய்த பெண் முழு கேமைத் திறக்கிறாள்; கையில் மணி இருக்கிறது, சாவி இல்லை. சாவி கிடந்த பெட்டியோ ஏற்கெனவே திறந்தாகிவிட்டது என்று பதிவாகியிருக்கிறது. இனி அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. டீமில் யாருக்கும் இந்தப் பிழை தெரியாது, ஏனென்றால் டீமில் எல்லோரும் தினமும் புது கேம் தொடங்கித்தான் சோதிக்கிறார்கள்.

பொருளுக்கு எண்ணுக்குப் பதில் மாறாத பெயர் வைப்பதுதான் இதற்கு வழி: “கோயில்_சாவி” என்றே எழுதட்டும், சில பைட் கூடினால் கூடட்டும். ஃபைலின் முதல் வரியில் பதிப்பு எண். பதிப்பு 3-ஐ 4 ஆக்க ஒரு ஃபங்ஷன், 4-ஐ 5 ஆக்க ஒன்று, சங்கிலியாக. எழுதும்போது நேராகப் பழைய ஃபைலின் மேல் எழுதக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய ஃபைல்தான் மிஞ்சும். தற்காலிக ஃபைலில் முழுதாக எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, பழையதை பேக்கப் என்று பெயர் மாற்றிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வையுங்கள். வெளியே போன ஒவ்வொரு பில்டிலும் எடுத்த சேவ் ஃபைல் சிலவற்றை ரெப்போவிலேயே போட்டு வைத்து, புது பில்ட் வரும்போதெல்லாம் அவை திறக்கின்றனவா என்று தானாகச் சோதிக்க வையுங்கள். இரண்டு நாள் வேலை. முதல் வருடம் செய்தால் இரண்டு நாள், கடைசி மாதம் செய்தால் மூன்று வாரம்.

ஃபிரேம் ரேட் விஷயமும் கடைசியில்தான் தலைகாட்டும். தாவலை ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று எழுதியிருந்தால் நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேறு உயரம் போகும். யூனிட்டியில் இயற்பியல் கணக்கு இயல்பாக நொடிக்கு 50 முறை ஓடும், 60 ஹெர்ட்ஸ் திரையில் அது சற்றே உதறும். இரண்டு கணக்குக்கு இடைப்பட்ட நிலையைக் கணித்துக் காட்டும் இன்டர்போலேஷனை இயக்க மறந்திருப்பார்கள்.

மொழியும் ஒரு பெருக்கி. 3 இயங்குதளம், 6 மொழி, கீபோர்டு அல்லது கன்ட்ரோலர் என்றால் பார்க்க வேண்டிய சேர்க்கை 36. தமிழையும் சேர்க்க நினைப்பவர்கள் மொழிபெயர்ப்புக்கு முன்பே எழுத்தைச் சோதித்துவிட வேண்டும். யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ எழுத்துக்களை வந்த வரிசையிலேயே அடுக்கும். “கே” என்று எழுதினால் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்காரும். “கொ” இன்னும் மோசம், கொம்பும் காலும் சேர்ந்து பின்னால் நிற்கும். எழுத்துக்களை முறைப்படி கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள், கோடோ 4 என்ற இன்னொரு என்ஜினில் உள்ளேயே இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது. தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளும், ஆகவே பட்டனின் அகலத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்திருந்தால் உடையும். ஒரே ஒரு மெனுத் திரையைத் தமிழில் போட்டுப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

சின்ன அளவு என்றால் சின்ன கேம் என்று பொருளில்லை. டொரன்டோவின் விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பா, கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி ஊற்றுவதும் புட்டு அவிப்பதும்தான் விளையாட்டு. உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் வடிவம் அது. ஒன்றைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மற்றவை அசையாது, அதனால் ஒவ்வொன்றையும் கடைசி வரை மெருகேற்ற இடம் இருந்தது. எண்ணெய் பொரியும் சத்தம்வரை கேட்டால் தெரியும்.

வெளியீட்டுக் கணக்கைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஸ்டீமில் ஒரு கேமுக்குக் கட்டணம் 100 டாலர், விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் திரும்ப வரும். பணம் கட்டியதிலிருந்து 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. கடைப் பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். பக்கத்துக்கும் பில்டுக்கும் தனித்தனிப் பரிசீலனை. திருப்பி அனுப்பினால் இன்னும் சில நாள் போகும். டெமோக்களுக்கென ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்பு, அரைகுறை டெமோவோடு அதை வீணாக்காதீர்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால் முதல் 20 நிமிடத்தைத்தான் கடைசியாகக் கட்ட வேண்டும். டீமின் கை நன்றாகப் பழகியிருக்கும் நேரம் அதுதான்.

கடைசி இரண்டு வாரத்தில் பிழைகள் மூன்று வகை மட்டும்: கேம் நின்றுபோவது அல்லது சேவ் அழிவது, வழி அடைபட்டு மேலே போக முடியாமல் ஆவது, மற்றவை. மூன்றாவதை யாரும் தொடக் கூடாது. ஒரு நிழல் இரண்டு பிக்சல் தள்ளி விழுவதைச் சரிசெய்யப் போய்க் எது எங்கே மோதும் என்று தீர்மானிக்கும் கதவின் மோதல் பெட்டியை நகர்த்திவிடும் வாரம் அது. வெள்ளிக்கிழமை வெளியிடாதீர்கள். செவ்வாய் அல்லது புதன் வெளியிட்டால் மறுநாள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். முதல் இரவு ஒருவர் விழித்திருக்க, மற்றவர்கள் தூங்கட்டும். விழித்திருப்பவர் கையில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: ஸ்டீமில் முந்தைய பில்டைத் திரும்ப நேரலையாக்கும் உரிமை உள்ள கணக்கு, அதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்த பழக்கம். புது பில்டில் எழுதிய சேவ் ஃபைல் பழைய பில்டில் திறக்குமா என்பதை முந்தைய வாரமே பார்த்திருக்க வேண்டும்.